பழைய நடமாடும் மர ஆலை ஒன்றை வாங்கி இரண்டு ஆண்டு உழைத்த பின்

பண்டாரவளைக்குப் பக்கத்தில் நானும் என் மச்சானும் நடத்தும் மரவேலைத் தளத்துக்காக, 2024 பெப்ரவரியில் குருநாகல் மாவட்டத்திலிருந்து ஒரு பழைய நடமாடும் மர ஆலையை வாங்கி வந்தோம். வாங்குவதற்கு முன் நான் விசாரித்துத் திரிந்த நாட்களில், சமதரையில் வைத்து ஓட்டுகிறவர்களின் அனுபவமே எங்கும் கிடைத்தது. சரிவிலும் குளிரிலும் விடாத மழையிலும் இந்த இயந்திரம் எப்படி நடந்துகொள்ளும் என்று தமிழில் சொல்ல எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. அதனால், இரண்டு ஆண்டு அதனோடு உழைத்தவன் என்ற முறையில், வாங்கியதையும் வாங்கிய பின் கற்றதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

இயந்திரம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நிலத்தில் கிடத்திய இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஒரு ‘தலை’ முன்னும் பின்னும் நகரும். அந்தத் தலையில் எஞ்சினும், இரண்டு சக்கரங்களில் பூட்டிய மெல்லிய பட்டை வாளும் இருக்கும். மரக்குற்றி அசையாமல் கிடக்க, வாள்தான் அதன் மீது போய் அரிந்து வரும். எங்களுடையது காற்றால் குளிரும் இரட்டைச் சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், 20 குதிரைவலு, 16 அடி நீளமான குற்றி வரைக்கும் ஏற்கும். தள்ளுவதும், உயர்த்தித் தாழ்த்துவதும், குற்றியைப் புரட்டுவதும் எல்லாம் கைவேலை. இரும்புச் சட்டத்தின் கீழ் சில்லு இல்லை என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ‘நடமாடும்’ என்று விற்கப்படுபவற்றில் வாகனத்தின் பின்னால் கொழுவி இழுத்துப் போகக் கூடியவையும் உண்டு, எங்களுடையதைப் போல் கழற்றி லொறியில் ஏற்றிப் போய் மீண்டும் பூட்ட வேண்டியவையும் உண்டு. விலை வித்தியாசத்தில் பெரும் பங்கு அங்கேதான் இருக்கிறது.

இதை ஏன் வாங்கினோம் என்பதற்கு என் அப்பாவிலிருந்து தொடங்க வேண்டும். அவர் குழிவாள் இழுத்தவர். குழிக்கு மேல் கிடத்திய குற்றியின் மேல் ஒருவரும் குழிக்குள் ஒருவருமாக நின்று ஒரு நாள் முழுக்க இழுத்தாலும் சில பலகைகளே தேறும். ஆனால் அந்தப் பலகைகள் நேராக இருந்தன, மரமும் வீணாகவில்லை. சங்கிலி வாள் வந்த பிறகு வேகம் வந்தது, மரம் போயிற்று. சங்கிலி வாள் ஒவ்வோர் அரிவிலும் 8 முதல் 10 மில்லிமீற்றர் மரத்தைத் தூளாக்கிவிடும். பட்டை வாள் தின்பது ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்தான். 300 மில்லிமீற்றர் உயரமாகச் சதுரித்த ஒரு குற்றியில் 25 மில்லிமீற்றர் பலகை எடுத்தால் சங்கிலி வாளால் 8 அல்லது 9 பலகை வரும், பட்டை வாளால் 11 வரும். இரண்டு மூன்று பலகையைத் தூளாக்கித் தேயிலைக்குள் கொட்டிவிட்டு வருவது எனக்குப் பல ஆண்டுகளாகவே மனதை உறுத்திய விஷயம். அதோடு எங்கள் பக்கத்து மரங்கள் பெரும்பாலும் லொறி போக முடியாத இடங்களில் நிற்கின்றன. முழுக் குற்றியை ரோட்டுக்கு ஏற்றும் கூலியைக் கணக்குப் பார்த்தால், ஆலையைக் குற்றியிடம் கொண்டு போய்ப் பலகையாகத் தோளில் சுமந்து வருவதே மலிவு.

விற்றவர் ஒரு வயதான முஸ்லிம் மர வியாபாரி; நாங்கள் அவரை நானா என்றே அழைத்தோம். 2019இல் வாங்கிய இயந்திரம் அது என்றும், 2022இல் எரிபொருள் வரிசைகளும் கியூஆர் குறியீட்டுப் பங்கீட்டு முறையும் வந்து பெற்றோல் கிடைப்பதே பாடாக இருந்த காலத்தில் நிறுத்தியதைப் பின்னர் அதிகம் ஓட்டவில்லை என்றும், மகன்மார் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார். “எஞ்சினைக் கேட்டுப் பாருங்க தம்பி” என்று கூறி, இரண்டாவது இழுப்பிலேயே இயக்கிக் காட்டினார். உண்மையில் மிக நல்ல சத்தம். நான் அந்த இடத்திலேயே முன்பணம் கொடுத்திருப்பேன். கூட வந்திருந்த எங்கள் மெக்கானிக் மாமாதான் என் கையைப் பிடித்து நிறுத்தி, எஞ்சினை நிற்பாட்டச் சொல்லி, சட்டைப் பையிலிருந்து நைலோன் நூல் உருண்டையை எடுத்தார்.

அவர் அன்று செய்தது இதுதான். தண்டவாளத்தின் நான்கு முனைகளிலிருந்தும் மூலைக்கு மூலையாக இரண்டு நூல்களை இறுக்கிக் கட்டினார். அடிச்சட்டம் முறுக்கில்லாமல் இருந்தால் இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் உரச வேண்டும். இடைவெளி தெரிந்தாலோ, ஒன்று மற்றதை அழுத்தினாலோ சட்டம் முறுகியிருக்கிறது. அது சரியாகத்தான் இருந்தது. அடுத்ததாக, வாளை வேலைக்குரிய இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, தலையை, குற்றி கிடக்கும் ஒவ்வொரு குறுக்குத் தாங்கிக்கும் மேலாக நகர்த்தி, வாளின் அடியிலிருந்து தாங்கி வரைக்குமான உயரத்தை இரு பக்கத்திலும் அளந்து சுண்ணக்கட்டியால் அந்தந்தத் தாங்கியிலேயே எழுதினார். ஒரு மில்லிமீற்றருக்குள் ஒத்துப் போக வேண்டிய அளவு, சட்டத்தின் இரண்டு துண்டுகளும் சேரும் இடத்தில் மட்டும் 4 மில்லிமீற்றர் விலகியிருந்தது. மூட்டுப் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. பல காலம் பெரிய குற்றிகளைத் தாங்கியின் மேல் உருட்டி விழுத்தியதில் ஒரு தாங்கியும் வளைந்திருந்தது.

பிறகு நானாவிடம் கேட்டு, அவருடைய முற்றத்தில் கிடந்த ஒரு மஹோகனிக் குற்றியில் நீளமாக ஒரு பலகை அரியச் செய்தோம். அதை இரு முனையிலும் நடுவிலும் அளந்தபோது முனைகளில் 25 மில்லிமீற்றரும் நடுவில் 28ம் இருந்தது. நூலும் அளவுகோலும் சொன்னதைப் பலகையும் அப்படியே சொல்லிற்று. எஞ்சின் கெட்டால் வேறு எஞ்சின் பூட்டலாம். அந்த அளவான எஞ்சின்கள் தண்ணீர்ப் பம்பிலும் ஜெனரேட்டரிலும் வருகின்றன, பாகங்களும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். சட்டம் கெட்டால் அந்த இயந்திரத்தை எங்கே கொண்டு போய் நிமிர்த்துவது? வாங்கப் போகிற எவரிடமும் நான் இதைத்தான் அழுத்திச் சொல்வேன்: முதல் ஒரு மணிநேரத்தைச் சட்டத்துக்கும் தண்டவாளத்துக்கும் கொடுங்கள், அதற்குப் பிறகு எஞ்சினைக் கேளுங்கள். ஒரு பலகை அரிந்து பார்க்க விடாதவரிடம் வாங்கவே வேண்டாம்.

மூட்டை இறுக்கியதும் விலகல் ஒன்றரை மில்லிமீற்றருக்குக் குறைந்தது. வளைந்த தாங்கியைக் கழற்றி நிமிர்த்தி, மீதிக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்யலாம் என்று மாமா உறுதி சொன்ன பிறகே விலை பேசினோம். 18 லட்சம் கேட்டார், 15½ லட்சத்துக்கு முடிந்தது. நானா அந்தக் குறையை மறைக்க முயலவில்லை. தனக்கே தெரியாது என்றார், நான் அதை நம்பினேன்.

மற்றப் பாகங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். வாள் ஓடும் இரண்டு சக்கரங்களிலும் ரப்பர் பெல்ட் பூட்டியிருக்கும். அது தேய்ந்து தட்டையாகிவிட்டால் வாள் சக்கரத்தின் இரும்பையே தொட்டு வெடிப்பு விடும். எங்களுடையவை தேய்ந்திருந்தன, பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைக் காட்டிப் பதுளையிலேயே வாங்கிவிட்டோம். வாளை வழிநடத்தும் இரண்டு உருளைகளையும் கையால் சுழற்றிப் பாருங்கள்: கரகரப்பு இருந்தால் பெயாரிங் போயிற்று என்று பொருள், அதுவும் விளிம்பில் உள்ள எண்ணைக் கொண்டு மாற்றக் கூடியதே. அந்த உருளைகள் வாளை 6 மில்லிமீற்றர் அளவு கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தம் இல்லையென்றால் பலகை அலை அலையாக வரும், நீங்கள் வாளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். எங்கள் இயந்திரத்தில் சக்கரத்தின் ஒரு பக்க மூடி இல்லாமலே வந்தது. அறுந்த வாள் எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதால், புதிய மூடி செய்து பூட்டும் வரைக்கும் மாமா எங்களை ஓட்டவே விடவில்லை. அந்த இரண்டு வாரத் தாமதத்துக்கு நான் இன்றும் அவருக்கு நன்றியுள்ளவனாக இருக்கிறேன்.

இனி, எந்த விற்பனையாளரும் உங்களுக்குச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். குருநாகலில் பாடிய அதே எஞ்சின், 1,200 மீற்றருக்கு மேல் உள்ள எங்கள் இடத்தில் கறுத்த புகை விட்டது. 20 அங்குல யூக்கலிப்டஸ் குற்றிக்குள் வாள் பாதி தூரம் போனதும் திணறி நின்றது. ஏமாந்துவிட்டோம் என்று மச்சான் நினைத்தான். நானாவைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டை பிடிக்கவும் தயாராகிவிட்டான். தீப்பொறிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது கரி பிடித்திருந்தது. காரணம் எளிதானது: உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, ஆனால் காபரேட்டரோ சமதரைக்கு அளந்த பெற்றோலையே ஊற்றிக்கொண்டிருக்கிறது. காற்று போதாத பெற்றோல் முழுதாக எரியாமல் புகையாகிறது. பழைய பெற்றோல் தேங்கிக் காபரேட்டருக்குள் பிசினாகப் படிந்திருந்ததும் இதோடு சேர்ந்துகொண்டது. காபரேட்டரைக் கழுவி, பெற்றோலை அளந்து விடும் சிறு துளைத் திருகான பிரதான ஜெட்டை ஓர் அளவு சிறியதாக மாற்றியதும் புகை நின்றது, பெற்றோல் செலவும் கண்கூடாகக் குறைந்தது.

ஆனால் ஜெட் மாற்றினாலும் இழந்த வலு முழுதாகத் திரும்பாது. ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் இத்தகைய எஞ்சின் ஏறத்தாழ 3 சதவீத வலுவை இழக்கிறது. 1,868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 20 குதிரைவலு என்று வாங்கியது அங்கே 16 குதிரைவலுவாகத்தான் வேலை செய்யும். ஆகவே ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தவர்கள் 15 குதிரைவலுவுக்குக் குறைந்ததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. இயந்திரத்தைப் பின்னர் வெல்லவாயப் பக்கம் போன்ற தாழ்ந்த இடத்துக்கு வேலைக்குக் கொண்டு போனால் பழைய ஜெட்டைத் திரும்பப் பூட்ட மறக்கக் கூடாது; சிறிய ஜெட்டுடன் கீழே ஓட்டினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறிப் பழுதாகும். நாங்கள் இரண்டு ஜெட்டையும் ஒரு மாத்திரைப் போத்தலில் போட்டு கருவிப் பெட்டியிலேயே வைத்திருக்கிறோம்.

சரிவில் நிறுத்துவது தனிக் கலை. தேயிலைக் காணியில் 16 அடி நீளத்துக்குச் சமதரை தானாகக் கிடைப்பதில்லை. ஆரம்பத்தில் கல்லை அடுக்கி அதன்மேல் சட்டத்தை ஏற்றினோம். இரண்டு நாள் மழையில் கல் மண்ணுக்குள் இறங்கி, பலகைகள் ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்து வந்தன. இப்போது ஒவ்வொரு காலின் கீழும் ஓர் அகலமான தடித்த பலகையும் அதன்மேல் ஒரு ஜெக்கும் வைக்கிறோம். காலையிலும் மதிய உணவுக்குப் பிறகும் மட்டக்கோல் வைத்துப் பார்த்த பின்னரே எஞ்சினை இயக்குகிறோம். தண்டவாளத்தை எப்போதும் சரிவுக்குக் குறுக்காகக் கிடத்தி, குற்றிகளை மேல்பக்கத்திலிருந்து உருட்டி ஏற்றினால் உழைப்புப் பாதியாகும். அப்படிச் செய்யும்போது கீழ்ப்பக்கத்தில் யாரையும் நிற்க விடாதீர்கள், தாங்கிகளின் மேல் குற்றியைத் தொப்பென்று விழவும் விடாதீர்கள். எங்கள் இயந்திரத்தின் தாங்கி வளைந்தது அப்படித்தான்.

மரத்துக்கு மரம் அது காட்டும் குணம் வேறு. எங்கள் பக்கம் சவுக்கு என்று சொல்லும் கிறவேலியாதான் அதிகம் வருகிறது. தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் நட்ட இந்த மரத்தை வாள் வெண்ணெயைப் போல வெட்டும், பலகையின் பூவோட்டமும் மிக அழகு. ஆனால் அதன் தூள் சிலருக்குத் தோலில் கடுமையான அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்குகிறது. மச்சானுக்கு முன்கை முழுவதும் வந்தது. நீளக் கைச் சட்டையும் முகக்கவசமும் இல்லாமல் அதை அரிய வேண்டாம். பைனில் பிசின் வாளில் ஒட்டி வாளைச் சூடாக்கும். வாளின் மேல் சொட்டும் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்தால் நிற்கிறது. யூக்கலிப்டஸ்தான் பொறுமையைச் சோதிப்பது. மரத்துக்குள் அடங்கியிருக்கும் இறுக்கம் அரிந்தவுடன் விடுபடுவதால் பலகை வில்லாக வளையும்; ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து எடுக்காமல், குற்றியைத் திருப்பித் திருப்பி இரு பக்கத்திலிருந்தும் மாறி மாறி எடுத்தால் பெருமளவு சமாளிக்கலாம். சப்பு என்ற சண்பக இன மரம் வந்தால் அன்று எங்களுக்குத் திருநாள்.

இந்த இயந்திரத்தின் உண்மையான செலவு பெற்றோலில் இல்லை, வாளில்தான். நாளுக்கு 12 முதல் 15 லீற்றர் பெற்றோலில் மூன்று பேராக 40 கன அடி வரைக்கும் அரிகிறோம்; அந்தக் கணக்கு எனக்கு முழுத் திருப்தி. ஆனால் சரிவில் இழுத்து வந்த குற்றியின் பட்டையில் புதைந்திருக்கும் சிறு கல் ஒன்று புதிதாகத் தீட்டிய வாளை ஒரே அரிவில் மழுக்கிவிடும். பட்டையை உரித்தோ, கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவியோதான் ஏற்ற வேண்டும். எல்லைக் கம்பி அடித்த மரங்களுக்குள் ஆணி இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் ஒரு நேரத்தில் பத்து வாள்களைச் சுழற்சியில் வைத்திருக்கிறோம். சுத்தமான மரத்தில் ஒன்று ஏறத்தாழ இரண்டு மணிநேரம் நிற்கும். மாலையில் வேலை முடிந்ததும் வாளின் இறுக்கத்தைத் தளர்த்திவிட்டுப் போனால் வாளும் சக்கரப் பெல்ட்டும் நீடித்து உழைக்கும். நானாவிடம் நான் கேட்க மறந்து பின்னர் வருந்தியது, வாள் தீட்டும் கருவியைத்தான். அது அவரிடம் இருந்திருக்கிறது, வேறொருவருக்கு விற்றுவிட்டார். பழைய ஆலை வாங்கும்போது தீட்டும் கருவியையும் பல் விரிக்கும் கருவியையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

பத்திர விஷயத்தில் ஒருவரும் அசட்டையாக இருக்க வேண்டாம். இயந்திரத்தின் விற்பனைச் சிட்டையையும் எஞ்சின் எண்ணையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆலையைப் பதிவு செய்வது பற்றி வனப் பாதுகாப்புத் திணைக்களத்திலும், சுற்றாடல் அனுமதி பற்றிப் பிரதேச சபையிலும் முன்கூட்டியே பேசுங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதியின்றி வெட்ட முடியாது. அந்த மரத்தை வெட்டியவர் பிரதேச செயலகத்தில் பெற்ற கடிதத்தைக் கண்ணால் பார்க்காமல் நாங்கள் வாளை வைப்பதில்லை. பலகையாக்கிய மரத்தை ரோட்டில் ஏற்றிச் செல்லவும் அனுமதிப்பத்திரம் தேவைப்படலாம் என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டே புறப்படுங்கள்.

இதில் எனக்கு வலி தருவது ஒன்று இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் தன் பாட்டன் நட்ட மரத்தை அரிந்து கூரைக்குக் கைமரம் ஆக்கித் தரும்படி எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். நட்டவர் யாராக இருந்தாலும் நிலம் தோட்டத்துக்குரியது. நிர்வாகத்தின் எழுத்து இல்லாமல் என்னால் அந்த மரத்தைத் தொட முடியாது. இரண்டு தலைமுறை தண்ணீர் ஊற்றிய மரத்தின் பலகைக்கு அனுமதி கேட்டு அவர்கள் அலைவதைப் பார்க்கும்போது, இந்த இயந்திரம் அவர்களுடைய முற்றத்துக்குப் போகக் கூடியதாக இருந்தும் போக முடியாமல் நிற்பது மனதுக்குப் பெரும் பாரம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைக் குலைத்துப் போட்டபோதுதான் இதை வாங்கியதன் பெறுமதியை முழுதாக உணர்ந்தேன். மண்சரிவால் ரோடுகள் அறுந்து கிடந்ததில் மரக் கடைகளுக்குப் பலகை வரவில்லை. மறுபுறம், வீட்டுத் தோட்டங்களில் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ரோடு ஓரளவு திறந்த பிறகு சட்டத்தை இரண்டு துண்டாகக் கழற்றி, ஒரு சின்ன பட்டா லொறியில் ஏற்றி, லொறி நின்ற இடத்திலிருந்து ஆறு பேராகத் தூக்கிக்கொண்டு போய், தங்கள் காணியில் விழுந்த மரத்துக்கு அனுமதி பெற்றிருந்த குடும்பங்களுக்கு அங்கேயே ரீப்பையும் கைமரமும் அரிந்து கொடுத்தோம். சில்லு வைத்த பெரிய ஆலையாக இருந்திருந்தால் அந்தப் படிக்கட்டுகளில் ஏற்றியிருக்க முடியாது. சில்லு இல்லாததை வாங்கிவிட்டோமே என்று ஓராண்டு முழுக்க நான் பட்ட கவலை அந்த வாரத்தில் போய்விட்டது.

இரண்டு ஆண்டில் பெரிய பழுது என்று சொல்ல ஒன்றுமில்லை. சக்கரப் பெயாரிங் இரண்டும் ஒருமுறை மாறின, உயர்த்தித் தாழ்த்தும் சங்கிலி ஒருமுறை மாறிற்று, மூட்டுப் போல்ட்டுகளை மாதத்துக்கு ஒருமுறை இறுக்குகிறோம். தகடு வைத்த அந்தத் தாங்கியில் மாமா எழுதிய சுண்ணக்கட்டி அளவு மழையில் அழிந்துவிட்டதால், அதே இடத்தில் வர்ணத்தால் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் அளந்தபோது விலகல் அரை மில்லிமீற்றருக்குள்ளேயே இருந்தது.